சொடுக்காத விரல்: கொள்கைகள் மோதும் ஓர் அனிமே எபிசோடைப் பார்ப்பது எப்படி?

ஜப்பானிய அனிமேஷன் தொடர்களான அனிமே பார்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சண்டை உச்சத்தில் இருக்கும்போது எல்லோரும் நின்று பேச ஆரம்பித்துவிடுகிறார்களே, ஏன்?" அவர்களுடைய அலுப்பு எனக்குப் புரிகிறது. அதுவரை நெருப்பும் கத்தியும் பறந்த திரையில் திடீரென்று நாலு பேர் அசையாமல் நிற்கிறார்கள். கீழே சப்டைட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் நல்ல தொடர்களில் அந்த இடத்தில்தான் சண்டையே தொடங்குகிறது. அதைக் காணக் கண் பழக வேண்டும். அதற்கு ஒரே ஓர் எபிசோடை எடுத்துக்கொண்டு, படிப்படியாக எப்படிப் பார்ப்பது என்று இங்கே சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' தொடரின் 54ஆவது எபிசோட். 2010 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்தது. கதையை உடைத்துத்தான் பேசப்போகிறேன். தொடரைப் பார்க்காதவர்கள் முதல் படியோடு நிறுத்திக்கொண்டு, பார்த்து முடித்த பிறகு திரும்பி வாருங்கள்.

முதல் படி: சரியான தொடர், சரியான வரிசை

ஹிரோமு அரகாவா 2001 முதல் 2010 வரை ஒரு மாத இதழில் வரைந்து, 27 தொகுதிகளாக வந்த மங்காதான், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைதான், மூலம். போன்ஸ் ஸ்டூடியோ இதை இரண்டு முறை தொடராக எடுத்தது. 2003இல் தொடங்கிய முதல் தொடருக்கு 51 எபிசோடுகள். அப்போது மங்கா முடியவில்லை. ஆகவே அந்தத் தொடர் பாதி வழியில் பிரிந்து தனக்கென ஒரு முடிவைத் தேடிக்கொண்டது. நாம் பேசும் காட்சி அதில் இல்லை. யசுஹிரோ இரியே இயக்கத்தில் 2009 ஏப்ரல் முதல் 2010 ஜூலை வரை வந்த 64 எபிசோடுகள்தான் 'பிரதர்ஹுட்'. தேடும்போது இந்தச் சொல் தலைப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

54ஆவதை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். நான் இதை முதலில் பார்த்தது நண்பர் ஒருவர் கைப்பேசியில் காட்டிய நாலு நிமிடத் துண்டாக. தீயை நன்றாக வரைந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. பிறகு முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பார்த்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த இரவில், அதே நாலு நிமிடத்தில் எனக்கு நெஞ்சை அடைத்தது. ஓர் எபிசோட் ஏறக்குறைய 24 நிமிடம். 54 எபிசோடுக்கு 21 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தைக் கொடுங்கள்.

இரண்டாம் படி: 54க்கு முன்னால் நான்கு எபிசோடுகளை மறுபடி பாருங்கள்

பார்த்தவைதான். ஆனாலும் 54க்கு உட்காரும் வாரத்தில் 10, 22, 30, 53 ஆகியவற்றை மீண்டும் ஒருமுறை பாருங்கள். இந்த முறை ஒன்றை மட்டும் கவனியுங்கள்: யாருடைய கை எங்கே நிற்கிறது?

10ஆவதில் ராணுவ அதிகாரி மேஸ் ஹியூஸ் சாகிறான். எதிரில் வருகிறவரிடமெல்லாம் மகள் எலீசியாவின் படத்தை நீட்டிப் பெருமை பேசும் அப்பா அவன். டெலிபோன் பூத்தில், நண்பனும் சக அதிகாரியுமான ராய் மஸ்டாங்குக்குப் போட்ட அழைப்பு இணைவதற்குள், உருமாறும் ஹோமன்குலஸான (ரசவாதத்தால் உண்டான செயற்கை மனிதனான) என்வி அவனைப் பிடித்துவிடுகிறது. ஹியூஸின் கையில் கத்தி இருக்கிறது. எறிந்திருந்தால் தப்பியிருப்பான். ஆனால் என்வி அவனுடைய மனைவி கிரேசியாவின் முகத்தை எடுத்துக்கொள்கிறது. போலி என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கை நின்றுவிடுகிறது. குண்டு பாய்கிறது. அடக்கத்தின்போது, அப்பாவை ஏன் மண்ணுக்குள் போடுகிறார்கள் என்று எலீசியா கேட்டு அழுகிறாள். எல்லோரும் போன பிறகு கல்லறை முன் நிற்கும் மஸ்டாங், மழை வருகிறது என்கிறான். வானம் வெளுத்துக் கிடக்கிறது.

22ஆவதில் வின்ரி. தன் பெற்றோரைக் கொன்றவன் ஸ்கார்தான் என்று தெரிந்ததும், கீழே கிடந்த துப்பாக்கியை எடுத்து நீட்டுகிறாள். விசையை இழுக்க முடியவில்லை. கதாநாயகன் எட்வர்ட் அந்த விரல்களைத் துப்பாக்கியிலிருந்து பிரித்தெடுக்கிறான். இவை உயிர் கொடுக்கும் கைகள் என்கிறான். எட்வர்டுக்கு இரும்புக் கையும் காலும் செய்து மாட்டி அவனை எழுந்து நிற்கவைத்தவள் அவள்தானே.

30ஆவது, இஷ்வால் போர். மஸ்டாங், பின்னாளில் அவன் கீழ் வேலை செய்யும் ரீசா ஹாக்கை, ஹியூஸ் மூவரும் இளம் வயதில் அரசின் ஆணைப்படி ஓர் இனத்தையே அழித்த கதை. தொடரிலேயே கனமான எபிசோட் இதுதான் என்பது என் எண்ணம். மங்காவுக்காக அரகாவா அகதிகளையும் போரிலிருந்து திரும்பியவர்களையும் சந்தித்துப் பேசியிருக்கிறார். அந்தப் பேச்சின் சுவடு இதில் தெரிகிறது. கொன்றவர்களின் முகங்களில் வெற்றியின் சாயல் எங்கும் இல்லை.

53ஆவதில், ஹியூஸைக் கொன்றது தான்தான் என்று என்வி மஸ்டாங்கிடம் மார்தட்டிக்கொள்கிறது. மஸ்டாங் அதை எரிக்கிறான். மறுபடி முளைக்கிறது, மறுபடி எரிக்கிறான். தப்பிக்க வழியில்லாமல் என்வி ஹியூஸின் முகத்தையே எடுத்துக்கொள்கிறது. 10ஆவதில் ஹியூஸின் கையைக் கட்டிப்போட்ட அதே தந்திரம். இங்கே மஸ்டாங்கின் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. நண்பனின் முகத்தையே கொளுத்துகிறான். முதல்முறை பார்த்தபோது எனக்கு இது வீரமாகத் தெரிந்தது. இரண்டாம் முறை பயமாக இருந்தது. அந்தப் பயம் உங்களுக்கும் வந்துவிட்டால் நீங்கள் 54க்குத் தயார்.

மூன்றாம் படி: ஒரு தாளில் ஐந்து வரிகள்

கதாபாத்திரம் ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். பெரிய சொற்கள் வேண்டாம். 'நீதி', 'நட்பு' என்று எழுதினால் எல்லோருக்கும் ஒன்றேபோல் பொருந்திவிடும், பயன் இல்லை. கையால் செய்யக்கூடிய காரியமாக எழுதுங்கள்.

என் தாளில் இருந்ததைச் சொல்கிறேன். மஸ்டாங்: நாட்டின் உச்சிக்குப் போக வேண்டும், கீழே இருப்பவர்களைக் காக்க வேண்டும், எல்லாம் முடிந்ததும் இஷ்வாலில் செய்ததற்காகக் கூண்டில் ஏற வேண்டும். ரீசா ஹாக்கை: அவன் முதுகைக் காக்க வேண்டும், அவன் வழி தவறினால் அந்த முதுகிலேயே சுட வேண்டும். அந்த உரிமையை அவளுக்குக் கொடுத்தவன் மஸ்டாங்தான். எட்வர்ட்: யாரையும் கொல்லாமல், தம்பி இழந்த உடலை மீட்க வேண்டும். ஸ்கார்: தன் இஷ்வால் இனத்தைக் கொன்ற ரசவாதிகளைக் கொல்லப் புறப்பட்டவன், பாதி வழியில் திரும்பி நிற்கிறான். என்வி: மனிதர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

மஸ்டாங்கின் பெயருக்குக் கீழே இன்னொரு வரி எழுத வேண்டியிருக்கும். என்வியை எரித்துக் கொல்ல வேண்டும். முதல் வரியும் இந்த வரியும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியுமா? 54ஆவது எபிசோட் முழுவதும் இந்தக் கேள்விதான்.

நான்காம் படி: முதல்முறை நிறுத்தாமல் பாருங்கள்

குறிப்பு எடுக்காதீர்கள். கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். ஜப்பானிய ஒலியிலேயே பாருங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்தாம் படி: இரண்டாம் முறை கைகளை மட்டும் பாருங்கள்

மஸ்டாங்கின் ரசவாதம் எப்படி வேலை செய்கிறது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உரசினால் பொறி பறக்கும் துணியால் செய்த கையுறை. விரலைச் சொடுக்கினால் பொறி. காற்றில் இருக்கும் ஆக்சிஜனை அவன் ரசவாதத்தால் கூட்டிக் குறைத்துத் தீயை வேண்டிய இடத்துக்கு அனுப்புகிறான். ஆக, அவன் ஆயுதம் ஒரு சொடுக்கு. கொல்வதற்கும் கொல்லாமல் விடுவதற்கும் நடுவில் இரண்டு விரல் உரசும் இடைவெளிதான்.

எரிந்து எரிந்து சக்தி தீர்ந்துபோன என்வி, உள்ளங்கை அளவுள்ள பச்சைப் புழுபோலக் கிடக்கிறது. மஸ்டாங்கின் பூட்ஸ் அதன் மேல். அடிதடியைப் பொறுத்தவரை எல்லாம் முடிந்துவிட்டது; அவன் வென்றுவிட்டான். கை உயர்கிறது. அப்போது அவன் தலைக்குப் பின்னால் ஹாக்கையின் துப்பாக்கி. இந்த இடத்தில் நிறுத்துங்கள். அதுவரை ஒரே பக்கம் நின்ற இருவரில் ஒருவரின் துப்பாக்கி மற்றவரின் தலையைக் குறிவைக்கிறது; தோற்றவன் காலடியில் கிடக்கிறான். சண்டைக் காட்சியின் வழக்கமான வரைபடம் முழுவதும் தலைகீழாகிவிட்டது.

எட்வர்ட் தன் ரசவாதத்தால் என்வியைப் பறித்துக்கொள்கிறான். கொடு என்று மஸ்டாங் கேட்கிறான். தர மறுக்கிறான் எட்வர்ட். இப்போது உன் முகம் எப்படி இருக்கிறது தெரியுமா, இந்த முகத்தோடா நாட்டை ஆளப்போகிறாய் என்கிறான். ஸ்கார் தன் முறையில் பேசுகிறான்: பழிவாங்காதே என்று சொல்லும் தகுதி தனக்கு இல்லை, ஆனால் மிருகமாகிப்போனவன் மேலே ஏறி உட்கார்ந்தால் எப்படிப்பட்ட உலகத்தை உண்டாக்குவான் என்று பார்க்கத்தான் போகிறோம். அறிவுரையாக இதைச் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. பழியில் வெந்து, தன்னைக் காப்பாற்றிய மருத்துவர்களான வின்ரியின் பெற்றோரையே கொன்றவன் சொல்வதால்தான் இது உறைக்கிறது.

இருந்தும் மஸ்டாங்கின் கை இறங்கவில்லை. என்னைச் சுட்ட பிறகு நீ என்ன செய்வாய் என்று ஹாக்கையிடம் கேட்கிறான். அவள் பதிலில்தான் எபிசோடின் உயிர் இருக்கிறது. தனியாக நிம்மதியாக வாழும் எண்ணம் இல்லை. இந்தப் போர் முடிந்ததும் தீ ரசவாதத்தைத் தன் உடலோடு சேர்த்து உலகத்திலிருந்தே அழித்துவிடுவதாகச் சொல்கிறாள். 30ஆவது எபிசோடை மறுபடி பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த ரசவாதத்தின் ரகசியம் அவள் அப்பா கண்டுபிடித்தது. அவள் முதுகில் பச்சை குத்தப்பட்டது. மஸ்டாங்குக்குக் கிடைத்தது அவள் வழியாக. அவன் இஷ்வாலில் சொடுக்கிய ஒவ்வொரு சொடுக்கிலும் தனக்குப் பங்கு உண்டு என்று அவள் நினைக்கிறாள். போருக்குப் பிறகு அந்தப் பச்சையை எரித்துவிடச் சொல்லி அவனிடமே கேட்டவள் அவள்.

இப்போது அவன் கையைப் பாருங்கள். சொடுக்குகிறான், ஆனால் தீயை ஆள் இல்லாத பக்கமாக விடுகிறான். பிறகு உன்னை இழக்க என்னால் முடியாது என்கிறான். அவளுடைய துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். இருவரும் தரையில் சரிகிறார்கள். ஹியூஸின் கை நின்றது, வின்ரியின் கை நின்றது, இப்போது மஸ்டாங்கின் கை. இந்த மூன்று கைகளையும் ஒரே வரிசையில் பார்க்க முடிந்த நாளில்தான் எனக்கு இந்தத் தொடர் புரிந்தது.

ஆறாம் படி: யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று கேளுங்கள்

ஜப்பானிய ஒலியில் பார்க்கச் சொன்ன காரணம் இது. ஹாக்கை மஸ்டாங்கை 'தைசா' என்கிறாள். கர்னல் என்று பொருள். அவன் அவளை 'சூய்' என்கிறான், லெப்டினன்ட். இத்தனை ஆண்டு பழக்கத்திலும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. இந்த எபிசோடிலேயே என்வி மஸ்டாங்கின் உருவத்தில் அவள் முன்னால் வருகிறது. தனியாக இருக்கும்போது கர்னல் என்னை ரீசா என்று அழைப்பார் என்கிறாள் ஹாக்கை. உங்களுக்குள் அப்படியொரு உறவா என்று தடுமாறுகிறது என்வி. அவள் சொன்னது பொய், என்வி மாட்டிக்கொண்டது.

பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தயங்கும் நமக்கு, இந்தக் காட்சி ஜப்பானியம் தெரியாமலேயே புரியும். பல நாள் பழகியும் இருவருக்கும் இடையில் பதவிப் பெயர் நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் அவர்களுடைய அன்பு முழுவதும் இருக்கிறது. எந்த முகத்தையும் எடுத்துக்கொள்ளத் தெரிந்த என்விக்கு இந்த இடைவெளியை மட்டும் நகல் எடுக்கத் தெரியவில்லை. பின்னால் துப்பாக்கியைத் தலைக்கு நீட்டி நிற்கும்போதும் அவள் அவனைத் 'தைசா' என்றுதான் அழைக்கிறாள். சப்டைட்டிலில் 'கர்னல்' என்று கடந்துபோய்விடும் சொல். காதால் கேளுங்கள்.

ஏழாம் படி: தோற்றவனின் பக்கம் போய் நில்லுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் பகுதி இது. மஸ்டாங் அமைதியானதும் பதற்றம் தீர்ந்துவிட்டதாக நினைத்துக் கவனத்தை விட்டுவிடுகிறார்கள். ஆனால் கொள்கை மோதலின் கடைசிச் சுற்று இனிமேல்தான்.

ஹோமன்குலஸ்கள் ஏழும் ஏழு பாவங்களின் பெயரைச் சுமப்பவை. என்வி என்றால் பொறாமை. நம் பழைய சொல்லில் அழுக்காறு. 53 எபிசோடுகளாக இந்தப் பெயருக்குப் பொருளே விளங்கவில்லை. மனிதர்களைப் பூச்சிகளாக நினைக்கும் ஒன்றுக்கு யார் மேல் பொறாமை?

எட்வர்டின் பிடியில் இருந்தபடி என்வி அங்கிருக்கும் ஒவ்வொருவரையும் மற்றவர் மேல் ஏவப் பார்க்கிறது. ஸ்கார் உன்னைக் கொல்ல வந்தவன். இவன் இஷ்வால் மக்களை எரித்தவன். இவள் அவர்களைச் சுட்டவள். எப்படி ஒன்றாக நிற்கிறீர்கள், அடித்துக்கொள்ளுங்கள். சொல்வது ஒவ்வொன்றும் உண்மை. இஷ்வால் போருக்குத் தீ மூட்டிய முதல் குண்டைச் சுட்டதும் இதே என்விதான். ஆகவே அந்தப் பகை மறுபடி பற்றிக்கொள்ளும் என்று நம்புகிறது. ஒருவரும் அசையவில்லை. அப்போது எட்வர்டுக்குப் புரிகிறது: விழுந்தாலும், தவறினாலும், பக்கத்தில் இருப்பவர் கை கொடுத்தால் எழுந்துவிடும் மனிதர்கள் மேல் உனக்குப் பொறாமை. அதைச் சொல்லியும் விடுகிறான்.

என்வி அழுகிறது. ஒரு சின்னப் பையன் தன்னைப் புரிந்துகொண்டதைத் தாங்க முடியவில்லை. எட்வர்டின் பிடியிலிருந்து நழுவி, தன் உடலுக்குள்ளிருந்து தன் உயிரான ரசவாதக் கல்லைத் தானே பிடுங்கி எடுத்துச் சாகிறது. இத்தனை நேரம் என்வியை வெறுத்த எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது. தீயில் எத்தனை முறை எரிந்தும் சாகாத ஒன்று, தன்னைப் பற்றிய ஓர் உண்மையைக் கேட்டதும் செத்துப்போகிறது.

ஹியூஸின் கை நின்ற நொடியை என்வி பலவீனமாகப் பார்த்தது. அதை வைத்துத்தான் அவனைக் கொன்றது. அதே நின்ற கையைத்தான் கடைசியில் அது பொறாமையோடு பார்த்துக்கொண்டே சாகிறது. இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் 44 எபிசோடுகள். அவ்வளவு தூரம் ஓர் இழையை அறுந்துவிடாமல் கொண்டுவந்த கைக்கு என் வணக்கம்.

எட்டாம் படி: எபிசோடோடு வாதாடுங்கள்

பிடித்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு இன்றும் ஆறாத ஒரு கேள்வி உண்டு. மஸ்டாங்கைத் தடுக்க மூன்று பேர் இருந்தார்கள். ஸ்கார் தன் குடும்பத்தை இழந்து, அண்ணனின் கையைத் தன் தோளில் சுமந்துகொண்டு கண் விழித்தபோது, தடுக்க யார் இருந்தார்கள்? ஊரை எரித்தவனுக்குக் கை கொடுக்க ஆள் இருக்கிறது. எரிந்த ஊர்க்காரனுக்கு இல்லை. எபிசோட் இதை ஸ்காரின் வாயால் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. இன்னும் சற்று நின்றிருக்கலாம் என்பது என் கருத்து. தொடரின் முடிவில் இஷ்வாலை மீண்டும் கட்டியெழுப்பும் பணியில் மஸ்டாங்கும் ஸ்காரும் இருப்பதாக வருவது ஓரளவுக்குப் பதில். முழுப் பதிலாக எனக்குப் படவில்லை.

உங்களுக்கு வேறு கேள்வி எழலாம். மூன்றாம் படியில் எழுதிய தாளை எடுத்து, எபிசோட் முடிந்த பிறகு எந்த வரி மாறியது, எது மாறவில்லை என்று பாருங்கள். மாறாத வரியின் பக்கத்தில்தான் பெரும்பாலும் உங்கள் கேள்வி இருக்கும். கூடப் பார்க்க ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. நானும் என் தங்கையும் இந்த எபிசோடுக்காக ஓர் இரவு முழுவதும் சண்டை போட்டோம். எட்வர்டுக்கு அப்படிப் பேச உரிமை இல்லை, ஹியூஸ் அவனுக்கு நண்பன்தான், மஸ்டாங்குக்கு உயிர் என்பது அவள் கட்சி. எனக்கு அதற்குச் சரியான மறுப்பு இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்து எதைப் பார்ப்பது?

கை நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால், மேட்ஹவுஸ் ஸ்டூடியோ 2011இல் தொடங்கிய 'ஹண்டர் எக்ஸ் ஹண்டர்' தொடரின் 131ஆவது எபிசோடுக்குப் போங்கள். அதையும் முதலிலிருந்து வரிசையாகத்தான் பார்க்க வேண்டும்; 148 எபிசோடுகள், பொறுமை தேவை. அங்கே கான் என்ற சிறுவனும் தனக்கு அன்பான ஒருவரைக் கொன்ற எதிரியின் முன்னால் நிற்கிறான். மஸ்டாங்கின் பின்னால் ஹாக்கை நின்ற தூரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, கானின் நண்பன் கில்லுவா எங்கே இருக்கிறான், எந்த நிமிடத்தில் வந்து சேர்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள்.